ஆகாயத்தாமரை, உமி, ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வடசென்னையின் ஓட்டேரி நல்லா ஓடையிலும் பக்கிங்காம் கால்வாயிலும் இயந்திரங்கள் இறங்கி ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போடும். இரண்டு நாளில் அது அழுகி நாறத் தொடங்கும். அந்தக் குவியலைக் கடந்து போகிறவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "இவ்வளவும் வீணாப் போகுதே, இதுலேர்ந்து பெட்ரோல் எடுத்தா என்ன? பக்கத்துலயே மணலி ரிஃபைனரி இருக்கு." செங்குன்றம் அரிசி ஆலைகளின் உமியைப் பார்த்தாலும், மீஞ்சூர் பக்கம் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தைப் பார்த்தாலும் இதே பேச்சுதான். இப்போது வாட்ஸப்பிலும் வருகிறது, கூடவே ஒரு இயந்திர விற்பனையாளரின் வீடியோவோடு.

இந்தப் பேச்சில் வேதியியல் தப்பு ஒன்றும் இல்லை. செடியில் இருப்பதும் கார்பனும் ஹைட்ரஜனும்தான், பெட்ரோலில் இருப்பதும் அவைதான். ஒன்றை மற்றொன்றாக மாற்ற முடியும், மாற்றியும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் 'என்ன செய்யலாம்' என்ற கேள்வியோடு தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரம் வாங்கிய பிறகுதான் தண்ணீரையும் சாம்பலையும் ஆக்சிஜனையும் சந்திக்கிறார்கள். அந்த மூன்றையும் முதலில் எடைபோட்டுவிட்டால், வடசென்னையில் கிடைக்கும் எந்தத் தாவரக் கழிவு எதற்கு ஆகும் என்பது ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவில் பெட்ரோல் கடைசி இடத்தில்தான் வருகிறது என்பது என் கட்சி.

தண்ணீர்

ஒரு டன் ஆகாயத்தாமரையை எடுத்துக்கொள்வோம். அதில் 90 முதல் 95 விழுக்காடு தண்ணீர். 93 என்று வைத்தால், 1,000 கிலோவில் உலர் பொருள் 70 கிலோ. அந்த 70 கிலோ முழுதும் காய்ந்து கையில் கிடைத்தால், கிலோவுக்கு 14 மெகாஜூல் வீதம் சுமார் 980 மெகாஜூல் வெப்பம் தரும். மீதி 930 கிலோ தண்ணீரை ஆவியாக்க, கிலோவுக்கு ஏறத்தாழ 2.5 மெகாஜூல் வீதம் 2,300 மெகாஜூலுக்கு மேல் வேண்டும். அதாவது காய்ச்சி எடுப்பதற்கே, கிடைக்கும் எரிசக்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் செலவு. இதற்குப் பிறகு எந்தப் பைராலிசிஸ் இயந்திரமும் (காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுப்பது) எந்த வினையூக்கியும் அந்தக் கணக்கைச் சரிசெய்யாது.

வெயிலில் காய வைக்கலாமே என்றால், வைக்கலாம்தான். அதற்கு இடம் வேண்டும், புரட்டிவிட ஆள் வேண்டும், மழை இல்லாத வாரங்கள் வேண்டும். வாரி எடுக்கும் வேலை நடப்பதோ மழைக்கு முன்னால், காற்றில் ஈரம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில். நகரத்தின் வடபகுதியில் ஏக்கர் கணக்கில் களம் விரித்து அழுகல் வாசத்தோடு செடி காயப்போட எந்தத் தெரு சம்மதிக்கும் என்பது வேறு.

ஈரமான பொருளை ஈரமாகவே பயன்படுத்துவதுதான் வழி. அது சாண எரிவாயுக் கலன் செய்யும் வேலை. 70 கிலோ உலர் பொருளில் சாம்பலைக் கழித்தால் 57 கிலோ அளவில் கரிமப் பொருள் நிற்கும். அதில் கிலோவுக்கு 0.2 முதல் 0.25 கன மீட்டர் மீத்தேன் என்று வைத்தால் ஒரு டன்னுக்கு 11 முதல் 14 கன மீட்டர். இதன் வெப்பம் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் ஒன்றில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஒரு டன் செடியை வெட்டி, ஏற்றி, இறக்கி, முக்கால் சிலிண்டர். லாரி வாடகையை நினைத்துப் பார்த்தால், கால்வாய்க் கரையிலேயே செரிக்க வைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

அங்கேயும் பிரச்சினை உண்டு. ஆகாயத்தாமரையின் தண்டு முழுதும் காற்றறைகள், அப்படியே போட்டால் கலனுக்குள்ளும் மிதக்கும். மேலே தடித்த ஆடையாகக் கட்டிக்கொள்ளும், அடியில் கிருமிகள் பட்டினி கிடக்கும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, நசுக்கி, காற்றை வெளியேற்றிய பிறகே ஊட்ட வேண்டும். தொடக்கத்தில் மாட்டுச் சாணக் கரைசலோடு கலந்து ஓட்டி, செடியின் பங்கைச் சில வாரங்களில் மெல்ல ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் அமிலம் சேர்ந்து பிஎச் 6.8-க்குக் கீழே சரியும். மீத்தேன் கிருமிகள் முதலில் சோம்பும், பிறகு நின்றேபோகும். வாயு வரும், பற்றவைத்தால் எரியாது, அதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. அப்போது செய்ய வேண்டியது ஊட்டத்தை நிறுத்துவது. மேலும் சாணம் கொட்டுவது பலர் செய்யும் தப்பு.

வடசென்னைக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் இதில் இருக்கிறது. ஆகாயத்தாமரை கன உலோகங்களை உறிஞ்சும் செடி. நீரைச் சுத்திகரிக்க அதை வளர்க்கச் சொல்பவர்கள் இருப்பதே அதனால்தான். தொழிற்சாலைக் கழிவு கலந்த கால்வாயில் வளர்ந்ததைச் செரிக்க வைத்தால், வாயு சுத்தமாக வரும், உலோகம் முழுதும் கசடில் தங்கும். ஈயம், காட்மியம், குரோமியம் மூன்றுக்கும் சோதனை செய்யாமல் அந்தக் கசடைக் கீரைப் பாத்திக்கு உரமாகக் கொடுப்பது ஆபத்து. பல திட்ட அறிக்கைகளில் 'உரம் விற்பனை' என்று வருமானப் பத்தியில் ஒரு தொகை இருக்கும். இந்தக் கால்வாய்களுக்கு அந்தத் தொகையை அடித்துவிட்டுத்தான் மீதியைப் படிக்க வேண்டும்.

சாம்பல்

உமி இதற்கு நேர் எதிர். ஆலையிலிருந்து வெளியேறும்போதே ஈரம் 10 விழுக்காடு அளவில்தான். வெட்ட வேண்டாம், காய வைக்க வேண்டாம், ஒரே இடத்தில் குவிகிறது. ஒரு டன் நெல் அரைத்தால் ஏறக்குறைய 200 கிலோ உமி, கிலோவுக்கு 13 முதல் 14 மெகாஜூல். புழுங்கலுக்கு நெல்லை அவிக்கவும் உலர்த்தவும் ஆலையே தன் பாய்லரில் இதில் பெரும்பங்கை எரித்துக்கொள்கிறது. 'வீணாகும் உமி' என்று சொல்லும்போது இதைக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் பேச வேண்டும்.

உமியின் குணமும் குற்றமும் அதன் சாம்பல்தான். எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் 90 விழுக்காட்டை ஒட்டி சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். ப்ரிக்கெட் (அழுத்திய எரிகட்டி) அடிக்கும் இயந்திரத்தில் இதை ஓட்டியவர்களுக்குத் தெரியும்: அழுத்தத்திலும் சூட்டிலும் உமியிலேயே உள்ள லிக்னின் என்ற பிசின் இளகித் தானே ஒட்டிக்கொள்ளும், பசை தேவையில்லை. ஆனால் மரத்தூளுக்கு நீண்ட நாள் உழைக்கும் அச்சும் (டை) அழுத்தும் தண்டும் (பஞ்ச்) உமிக்குச் சீக்கிரமே தேய்ந்துவிடும். உப்புத்தாளை விடாமல் உரசுவதுபோல சிலிக்கா இரும்பை ராவிக்கொண்டே இருக்கும். ஈரம் 8-லிருந்து 12 விழுக்காட்டுக்குள் இல்லாவிட்டால் இன்னொரு தொல்லை. கூடினால் உள்ளே நீராவி அடைந்து கட்டி வெடித்து உதிரும், குறைந்தால் கட்டியே பிடிக்காது.

கேஸிஃபயரிலும் (குறைந்த காற்றில் எரித்து எரிவாயு எடுக்கும் கலன்) அதே சிலிக்காதான் ஆட்டம் காட்டுகிறது. உமி எரிந்த பிறகும் தன் வடிவத்தை விடாது. சிலிக்கா கூடு அப்படியே நிற்க, அதற்குள் கார்பன் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் சாம்பல் கறுப்பாக வருகிறது. மரத்துண்டுக்காகக் கட்டிய, நடுவில் குறுகிய கழுத்துள்ள கேஸிஃபயரில் உமியைப் போட்டால் கழுத்தில் பாலம் கட்டி நின்றுவிடும், கீழே வெற்றிடம் விழும், வாயுவின் தரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். உமிக்குக் கழுத்தில்லாத, மேலே திறந்த அமைப்பு வேண்டும், சாம்பலை விடாமல் வெளியே தள்ளும் ஏற்பாடு வேண்டும். வாயுவோடு வரும் பிசுபிசுப்பான தார்ப் பொருளைத் தண்ணீரில் கழுவித்தான் அதை எஞ்சினுக்கு அனுப்ப முடியும் என்றால், கழுவிய கறுப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்பதற்கு முதல் நாளே பதில் வேண்டும்.

வைக்கோலின் சாம்பல் வேறு ரகம். அதில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். பாய்லரில் சாம்பல் இளகிக் குழாய்களில் கிளிங்கராக, அதாவது இறுகிய கட்டியாக, ஒட்டிக்கொள்ளும், குளோரின் உலோகத்தை அரிக்கும். உமிக்குச் சரியாக ஓடிய பாய்லர் என்று நம்பி வைக்கோலைக் கலந்தால் ஒரு பருவத்திலேயே தெரிந்துவிடும். சீமைக் கருவேலத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. நல்ல கனமான விறகு, மூட்டம் போட்டால் நாலு கிலோவுக்கு ஒரு கிலோ கரி தேறும். அங்கே செலவு முழுதும் முள்ளை வெட்டி வெளியே இழுப்பதில்தான்.

ஆக்சிஜன்

தண்ணீரையும் சாம்பலையும் கழித்த பிறகு மிஞ்சும் சுத்தமான தாவரப் பொருளில், எடையில் 42 முதல் 45 விழுக்காடு ஆக்சிஜன். செல்லுலோஸில் மட்டும் பார்த்தால் 49. கச்சா எண்ணெயிலிருந்து வரும் பெட்ரோலிலும் டீசலிலும் ஆக்சிஜன் கிட்டத்தட்டக் கிடையாது. ஆக, செடியைப் பெட்ரோலாக்குவது என்றால் பாதி எடையைத் தூக்கி எறிவதற்குப் பெரும் பணம் செலவழிப்பது என்று பொருள். எறிவதற்கும் இரண்டே வழிதான். கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றினால் நமக்கு வேண்டிய கார்பனும் கூடவே போகும். தண்ணீராக வெளியேற்றினால் ஹைட்ரஜன் வேண்டும். அந்த ஹைட்ரஜன் இன்று பெரும்பாலும் நாப்தா என்ற பெட்ரோலியப் பொருளிலிருந்தோ இயற்கை எரிவாயுவிலிருந்தோ வருகிறது.

குளுக்கோஸை வைத்து எண்ணிப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். 180 கிலோ குளுக்கோஸை ஈஸ்ட் நொதிக்கவைத்தால் அதிகபட்சம் 92 கிலோ எத்தனால், மீதி 88 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கையில் நிற்பது 51 விழுக்காடு. அதே குளுக்கோஸை முழு ஹைட்ரோகார்பனாக்கினால், வெளியிலிருந்து ஹைட்ரஜன் சேர்க்காதவரை, எரிசக்தி அத்தனையும் காப்பாற்றினாலும் எடையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் எட்டும். லாக்டிக் அமிலமாக்கினால்? 180 கிலோவுக்கு 180 கிலோ. ஓர் அணுகூட வெளியே போவதில்லை. செடி ஆண்டு முழுதும் வெயிலில் நின்று கட்டிவைத்த ஆக்சிஜனை, ஆக்சிஜன் தேவைப்படும் பொருளுக்குள்ளேயே விட்டுவைக்கிறோம். பாலிலாக்டிக் பிளாஸ்டிக்குக்கு அதுதான் மூலப்பொருள். எரிபொருள் சந்தையில் கச்சா எண்ணெயோடு லிட்டர் விலையில் மோதுவதைவிட, எண்ணெயிலிருந்து செய்ய வேண்டுமானால் ஆக்சிஜனை வலிய ஏற்ற வேண்டிவரும் பொருள்களைச் செடியிலிருந்து செய்வதே புத்தி என்று நான் சொல்வது இந்த மூன்று வரிக் கணக்கினால்தான்.

இதற்கும் மறுபக்கம் உண்டு. நொதிக்கலனில் அமிலம் சேரச் சேர சுண்ணாம்பு போட்டுச் சமன்செய்து, கடைசியில் கந்தக அமிலம் விட்டு லாக்டிக் அமிலத்தைப் பிரிப்பது பழைய முறை. அப்படிச் செய்தால் ஒரு டன் அமிலத்தோடு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சமும் வந்து சேரும். 100 விழுக்காடு விளைச்சல் என்ற பெருமை அந்த ஜிப்சக் குவியலுக்கு முன்னால் கொஞ்சம் மங்கித்தான் போகும். வினை நடப்பது சுலபம், பிரித்தெடுப்பதுதான் காசு.

வேகமாகப் பைராலிசிஸ் செய்து கிடைக்கும் எண்ணெயைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், வீடியோக்களில் அதுதான் அதிகம் வருகிறது. ஈரம் 10 விழுக்காட்டுக்குக் கீழ், துகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர், 500 டிகிரி, இரண்டு வினாடிக்குள் ஆவியைக் குளிர்விப்பது. இவை எல்லாம் அமைந்தால் நல்ல மரத்திலிருந்து எடையில் 60 முதல் 75 விழுக்காடு திரவம் வரும். பார்க்கக் கறுப்பு டீசல் போலத்தான் இருக்கும். ஆனால் அதில் 15 முதல் 30 விழுக்காடு தண்ணீர், பிஎச் 2-லிருந்து 3, வெப்பம் டீசலில் பாதிக்கும் குறைவு. டீசலோடு கலக்காது, சாதாரண இரும்புத் தொட்டியை அரிக்கும், வைத்திருக்க வைத்திருக்கக் கெட்டியாகும். அமெரிக்காவின் மிசிசிப்பியில் இதே வகை வழியில், வினையூக்கி வைத்து நேரடியாகப் பெட்ரோல், டீசல் எடுக்கக் கிளம்பிய கியோர் நிறுவனம் 2014-இல் திவாலானது. ஆய்வகத்தில் கிடைத்த விளைச்சல் ஆலையில் கிடைக்கவில்லை.

உமியில் இரண்டு சரக்கு

செங்குன்றம் உமிக்கு என்ன வழி என்று கேட்டால், நான் முதலில் சொல்வது ஃபர்ஃபுரால் (கரைப்பானாகவும் பிசின் செய்யவும் ஆகும் எண்ணெய் போன்ற திரவம்), பிறகு சிலிக்கா. இரண்டும் ஒரே உமியிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக.

ஃபர்ஃபுரால் புதிய சரக்கு இல்லை. ஓட்ஸ் உமி தேங்கிப்போன குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1920-களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் சீடர் ராபிட்ஸில் அதைத் தொழில் அளவில் எடுத்தது. நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறிய உமியை 150 டிகிரியைத் தாண்டிய நீராவியில் வேகவைத்தால், ஹெமிசெல்லுலோஸில் உள்ள பென்டோசான் என்ற சர்க்கரைச் சங்கிலி உடைந்து சைலோஸ் என்ற சர்க்கரையாகி, மூன்று மூலக்கூறு தண்ணீரை இழந்து ஃபர்ஃபுராலாகும். பென்டோசான் எடையில் 73 விழுக்காடு என்பது ஏட்டுக் கணக்கு. நெல் உமியில் பென்டோசான் 17 விழுக்காடு என்றால் டன்னுக்கு 124 கிலோ. பழைய முறையில் இதில் பாதிதான் கைக்கு வரும், 60 கிலோ அளவு.

மீதிப் பாதி எங்கே போகிறது? பிறந்த ஃபர்ஃபுரால் அந்த அமிலச் சூட்டிலேயே நின்றால் தன்னோடும் சைலோஸோடும் ஒட்டிக் கறுப்புப் பிசினாகிவிடும். அதனால் பிறந்த உடனே நீராவியை ஊதி அதை வெளியே இழுத்தாக வேண்டும். ஒரு டன் ஃபர்ஃபுராலுக்கு 25 முதல் 35 டன் நீராவி என்று பழைய ஆலைகள் விழுங்கியது இதற்குத்தான். வெளியே வந்த ஆவி குளிர்ந்து மிக நீர்த்த கரைசலாகும். அதைக் காய்ச்சி வடித்தால் 98 டிகிரிக்குச் சற்றுக் கீழே 35 விழுக்காடு ஃபர்ஃபுரால் உள்ள கலவை வரும், அதற்கு மேல் வடிகலன் பிரித்துத் தராது. ஆனால் அதைக் குளிரவிட்டால் இரண்டு அடுக்காகப் பிரியும். கனமான அடி அடுக்கில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஃபர்ஃபுரால், வெளிர் மஞ்சள் எண்ணெய், கசப்பு பாதாம் வாசனை. மேலடுக்கைத் திரும்ப வடிகலனுக்கு அனுப்ப வேண்டும். அடி அடுக்கைத் திறந்த பீப்பாயில் விட்டால் காற்றுப்பட்டு முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும். நைட்ரஜன் போர்த்தித்தான் வைக்க வேண்டும்.

வெந்து மிஞ்சிய சக்கையை எரித்தால் அந்த நீராவிக்கு வேண்டிய வெப்பம் தேறிவிடும், உமியின் பெரிய அனுகூலம் அது. ஆனால் சக்கையில் பாதி ஈரமும் கந்தக அமிலமும் இருக்கும். கழுவிப் பிழியாமல் உள்ளே தள்ளினால், புகை குளிரும் இடத்தில் அமிலம் படிந்து பாய்லரின் பின்பக்கத் தகடுகளைத் தின்றுவிடும். கூடவே வரும் அசெட்டிக் அமிலக் கழிவுநீருக்கும் வழி வேண்டும். அதை அனுப்பத்தான் சாண எரிவாயுக் கலன், ஆகாயத்தாமரைக்குச் சொன்னதைவிட இங்கே அதற்குப் பொருத்தமான வேலை.

வாங்குபவர் யார் என்றால், லூப் ஆயில் (மசகு எண்ணெய்) சுத்திகரிப்பில் ஃபர்ஃபுரால் ஒரு பழைய கரைப்பான், வார்ப்பாலைகளில் மணல் அச்சைக் கெட்டிப்படுத்தும் ஃப்யூரான் பிசின் இதிலிருந்துதான். ஆனால் உலகச் சரக்கில் பெரும்பகுதியைச் மக்காச்சோளக் கதிர்த்தண்டிலிருந்து சீனா செய்கிறது, விலையும் அங்கேதான் முடிவாகிறது. நாலு ஆலைகள் சேர்ந்து இறங்கினால் தாங்கும், நாற்பது இறங்கினால் தாங்காது.

சிலிக்காவுக்கு முதல் நிபந்தனை, சக்கையை 700 டிகிரிக்குக் கீழே எரிப்பது. அதைத் தாண்டினால் சிலிக்கா படிகமாகிவிடும். காஸ்டிக் சோடாவில் லேசில் கரையாது, தூசியாக நுரையீரலுக்குள் போனால் கேடு. சாதாரண கம்பித்தட்டு (கிரேட்) பாய்லரில் ஒரே நாளில் இரண்டு வகைச் சாம்பலும் வரும், சோதிக்காமல் வாங்கக் கூடாது. ஆய்வக அளவில் 10 கிராம் சாம்பலுக்கு 1 நார்மல் செறிவுள்ள காஸ்டிக் சோடா கரைசல் 60 மில்லி, ஒரு மணி நேரம் கொதிக்க வைத்துக் கிளறினால் சிலிக்கா சோடியம் சிலிக்கேட்டாகக் கரையும். வடிகட்டியில் தங்கும் கறுப்புக் கார்பனைத் தனியே விற்கலாம். தெளிந்த கரைசலை 80, 90 டிகிரியில் வைத்துக் கிளறிக்கொண்டே அமிலத்தை மெல்ல விட வேண்டும், அப்போதுதான் சிலிக்கா தூளாக வீழ்படியும். வேகமாகக் கொட்டினால் கலன் முழுதும் ஜெல்லாக உறைந்து வடிதுணியை அடைத்துவிடும், அன்றைய சரக்கு போச்சு.

கந்தக அமிலம் விட்டால் ஒரு டன் சிலிக்காவுக்கு அரை முதல் முக்கால் டன் சோடியம் சல்பேட் கரைசலில் வரும். கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அந்த உப்புத் தண்ணீரை விட இடம் கிடையாது, விடவும் கூடாது. அமிலத்துக்குப் பதில் பாய்லர் புகையிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஊதினால் சோடியம் கார்பனேட் வரும், அதில் சுண்ணாம்பு சேர்த்தால் காஸ்டிக் சோடா திரும்பக் கிடைக்கும். மெதுவான வழி, ஆனால் இந்த ஊருக்கு அதுதான் ஏற்றது. வீழ்படிவு சிலிக்கா டயர் ரப்பருக்கு வேண்டிய சரக்கு. குட்இயர் நிறுவனம் உமிச்சாம்பல் சிலிக்காவை ஏற்கெனவே டயரில் சேர்த்துவருகிறது. எம்.ஆர்.எஃப். டயர் ஆலை நம் திருவொற்றியூரில் இருக்கிறது. டயருக்கான தர வரம்பு கறாரானது, மேற்பரப்பு அளவு ஒவ்வொரு தொகுதியிலும் ஒத்து வர வேண்டும், அங்கேதான் சின்ன ஆலைகள் தோற்கும்.

லாரி வந்து நிற்கும்போது

மணலி சுத்திகரிப்பு ஆலையின் கொள்ளளவு ஆண்டுக்கு 1.05 கோடி டன் கச்சா எண்ணெய். ஹரியானாவின் பானிபட்டில் 2022-இல் தொடங்கிய இரண்டாம் தலைமுறை (உணவல்லாத பயிர்க்கழிவிலிருந்து எடுக்கும்) எத்தனால் ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எடுக்கும் திட்டம். டன்னுக்கு 150 லிட்டர். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால், செடியைக் கொண்டு மணலியை நிரப்பும் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பது விளங்கும். கன்சாஸில் அபெங்கோவா, அயோவாவில் டுபாண்ட் என்று அமெரிக்காவில் இதே வழியில் கட்டிய பெரிய ஆலைகளும் சில ஆண்டுகளுக்குள் கைமாறின அல்லது நின்றன. காரணங்களில் சந்தையும் உண்டு. ஆனால் தினசரித் தொல்லை கொடுத்தது வயலிலிருந்து வைக்கோலோடு வந்த மண்ணும் கல்லும், அழுத்தக் கலனுக்குள் திடப்பொருளை ஊட்டும் திருகாணி அடைத்துக்கொண்டதும்தான். எண்ணெயைப் பம்பு தள்ளிவிடும், வைக்கோலைத் தள்ள முடியாது.

ஆகவே இதில் இறங்குகிறவர் வினையூக்கியைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் லாரியைப் பற்றி விசாரிக்கலாம். உதிரி உமி கன மீட்டருக்கு 100 கிலோ அளவுதான், லாரி எடை நிரம்புவதற்குள் இடம் நிரம்பிவிடும். எடைக்குக் காசு என்று பேசினால் வழியில் தண்ணீர் அடித்து எடை ஏற்றுவார்கள். 10 விழுக்காடு ஈரத்தில் ஒரு டன்னில் 900 கிலோ உமி, 25 விழுக்காட்டில் 750. உலர் எடைக்குத்தான் விலை என்று எழுதி வைத்து, லாரியின் மேலிருந்து மட்டும் எடுக்காமல் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் மாதிரி எடுத்து, 105 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை வைத்துப் பார்க்க வேண்டும். மணல் கலந்திருக்கிறதா என்பதைச் சாம்பல் எடையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, உமியே சிலிக்காதானே. ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கை உமியைப் போட்டுக் கிளறினால் உமி மிதக்கும், மணல் அடியில் நிற்கும். இயந்திரம் விற்கிறவரிடம் கேட்க வேண்டியதும் இதே வகைக் கேள்விதான்: நீங்கள் சொல்லும் விளைச்சல் உலர் எடைக்கா ஈர எடைக்கா, எந்தச் சாம்பல் அளவுக்கு, தொடர்ந்து எத்தனை மணி நேரம் ஓட்டி எடுத்தது, கழிவுநீர் எவ்வளவு. நாலுக்கும் எழுத்தில் பதில் வராதவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.